கூட்டல் கழித்தல் முப்பது

கொட்டாஞ்சேனையில் பதினெட்டு மாடிக்குத் தோண்டிய குழி.
நாலு மீற்றர் ஆழத்தில் சிப்பி, உடைந்த கறுப்புச் சட்டி,
அடுப்புக் கரி.
எங்களுக்குக் கிடைத்த பணம் அதற்குத்தான்.
கலாநிதி விதானகே குடையைப் பிடித்துக்கொண்டு
"பழசு, நல்ல பழசு" என்றார்,
மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதுபோல.

மேலே, நடைபாதைக்கு ஒரு முழம் கீழே
இரண்டு விரல் தடிப்பில் இன்னொரு கரி.
குழியின் சுவர் நெடுக ஓடிற்று,
கண்ணுக்கு மை இழுத்த மாதிரி.
"அது குப்பை. பெக்கோ அள்ளட்டும்."
ஜிஃப்ரி யந்திரத்தை நிறுத்திவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போன பதினைந்து நிமிடம்
எனக்குப் போதுமாயிருந்தது.

ஒரு கதவுத் துண்டு, பிணைச்சலோடு.
ஒரு தகர டப்பா, மூடி நெளிந்து இறுகியது.
அலுமினியத் தாளில் சுற்றி
பதினொன்று, பன்னிரண்டு என்று இலக்கம் போட்டேன்.
எந்தப் படை என்ற கட்டத்தில்
மழைத்துளி விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எரிந்ததை இன்னொருதரம் எரித்துத்தான்
வயது சொல்வார்கள்.
அமிலத்தில் கழுவி, காரத்தில் கழுவி,
மண்ணின் அழுக்கு, என் விரலின் அழுக்கு
எல்லாம் போக்கிப்
புகையாக்கி எண்ணுவார்கள்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம்.
அடுப்புக் கரி: இன்றைக்கு முன் 2140,
கூட்டல் கழித்தல் முப்பது.
விதானகே எல்லோருக்கும் லம்ப்ரைஸ் வாங்கிக் கொடுத்தார்.
அந்த முப்பதுக்குள்
ஒருவன் பிறந்து, படித்து, கடன் பட்டுக் கடை திறந்து,
அதைப் பூட்டாமலே ஓடவும் முடியும் என்று
வாழையிலையை மடிக்கும்போது நினைத்தேன்.

"இன்று" என்பது அவர்களுக்கு 1950.
அதோடு நாட்காட்டியை நிறுத்திவிட்டார்கள்.
அதன் பிறகு வானத்தில் குண்டுகளை வெடித்து வெடித்துக்
காற்றின் கணக்குக் குழம்பிப்போயிற்றாம்.
ஐம்பதோடு நின்றிருக்கலாம்
இந்த ஊரும்.

பதினொன்று, கதவு: இன்றைக்கு முன் 130.
அது மரத்தின் வயது.
தேக்கு மூச்சை நிறுத்திய காலத்தைத்தான்
கரி ஞாபகம் வைத்திருக்கும்.
யார் அறுத்தார், யார் இழைத்தார்,
யார் மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கி வந்தார்
என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

பன்னிரண்டு, டப்பாவுக்குள் உளுந்து.
ஒரே ஒரு போகம் வாழ்ந்தது,
பொய் சொல்லப் பழக நேரமில்லாதது.
அது குடித்த காற்று குண்டுக்குப் பிந்திய காற்று.
வளைகோடு ஏறும்போது ஒரு புள்ளி,
இறங்கும்போது ஒரு புள்ளி.
1958 – 60.
அல்லது 1982 – 84.
"தளத்தின் பிற சான்றுகளைக் கொண்டு தீர்மானிக்கவும்."

துஷாரி என் தோளுக்கு மேலால் வாசித்தாள்.
"ரெண்டில் எது" என்று சிங்களத்தில் கேட்கத் தொடங்கி
பாதியில் விட்டாள்.
தொண்ணூற்றாறில் பிறந்தவள்.
ஆனாலும் விட்டாள்.

பிற சான்றுகள்:
குழிக்குள் இப்போது கொங்கிறீற்று.
என் மேசை லாச்சியில் ஒரு பிணைச்சல்.
பக்கத்து லோண்டரிக்காரர், கடையில் வேறு ஆள் இல்லாதபோது,
இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்ன
பெயர்ப்பலகையின் பின்பாதி:
...லிங்கம் அன் சன்ஸ்.
முன்பாதி அவருக்கு வரவில்லை. நெற்றியைத் தேய்த்தார்.
அருணாசலமா, இல்லை, அது அடுத்த கடை.

கடிதத்தின் கடைசி வரி
மீதி பதினொரு மில்லிகிராம்,
அழிக்கவா, திருப்பி அனுப்பவா என்று கேட்டது.

திருப்பி.

சுங்கக் கருமபீடத்தில் ஒரு படிவம் தந்தார்கள்.
பொருள்: உளுந்து.
நிலை: கருகியது.
பெறுமதி, ரூபாயில்:

பேனை வைத்த இடத்தில் மை பரந்துகொண்டிருந்தது.
பின்னால் வரிசையில் நின்றவர்
செருமினார்.