பெட்டிக்கு ஓர் இடம்

உடம்பு வந்துவிட்டது.
வள்ளம் வார்க்கிற கொட்டிலில்
சப்றாஸ் வார்த்த பைபர் உடம்பு,
கிண்ணியாப் பாலம் தாண்டி
லொறியில் கவிழ்ந்து படுத்தபடி.

எஞ்சின் வந்து நாலு மாதம்.
யப்பானில் பாதியாய் வெட்டுண்ட
ஏதோவொரு காரின் முன்பாதி அது.
அதன் வயர்க்கட்டு
உப்புவெளிக் கராஜின் நிலத்தில்
சிக்கெடுக்காத வலைபோல.

மிச்சம் இந்தப் பெட்டி.
அலுமினிய முதுகு, எழுபத்தாறு ஊசி.
எப்போது பெற்றோல், எப்போது பொறி,
எவ்வளவு மூச்சு, எல்லாம் தெரியும் இதற்கு,
தான் எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தவிர.

எஞ்சினை ஒட்டி வைத்தால் வயர் மிச்சம்.
ஆனால் அங்கே அடிக்கிற சூட்டுக்குக்
கன்னியாவின் ஏழு கிணறும் ஐஸ் தண்ணீர்.
சீற்றுக்குக் கீழே என்றேன்.
"மாரிய மறந்திட்டீங்களா அக்கா" என்றான்,
போன கார்த்திகையில்
மட்டிக்களியில் தள்ளிக்கொண்டு போனவன்.
டாஷ்போர்ட்டின் பின்னால்?
ஒவ்வொரு முறையும் லப்டொப் கொளுவ
நான் தலைகீழாய்ப் படுக்கவேணும்.
என் இடுப்பைக் கேட்டுச் சொல்கிறேன்.

பிஸ்கற் பெட்டி மட்டையில்
அதே அளவுக்கு ஒன்று வெட்டி
இரண்டு கிழமை இடம் இடமாய் ஒட்டிப் பார்த்தேன்.
ஒருநாள் அதைப் பூனை கொண்டுபோனது.

கடைசியில்
பக்கத்துச் சீற்றின் முழங்காலுக்கு மேலே,
நாலு றப்பர் காலில்,
வாய் கீழே பார்க்க.
வயரை நேராய் விடாமல்
ஒரு வளைவு தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினேன்:
ஊர்ந்து வருகிற தண்ணீர்
அங்கேயே சொட்டிப் போகட்டும்.

திறப்பைத் திருப்பினேன். ஒன்றுமில்லை.
பியூஸ் பார்த்தேன், ரிலே பார்த்தேன்,
பொழுது சாய்ந்து
கடற்படை விளக்குகள் எரிந்தபிறகு
உறைத்தது.
தகரக் காருக்கு உடம்பே எர்த்.
இதுவோ வள்ளத்தின் தங்கச்சி.
எங்கே முடுக்கினாலும்
மண்ணைத் தொடாத உடம்பு.
பெட்டியிலிருந்து எஞ்சின்வரை
சின்னவிரல் பருமனில்
ஒரு கறுப்பு வயர் இழுத்தேன்.

இருமிவிட்டுப் பிடித்தது.
சப்றாஸ் ஏறி உட்கார்ந்தான், முழங்கால் இடித்தது,
திட்டிக்கொண்டே காலைச் சரித்துவைத்தான்.

திரும்பி வரும்போது நல்ல மழை.
வளைவின் அடியில் ஒரு துளி பருத்து
அவன் செருப்பில் விழுந்தது. இன்னொன்று.
அவன் முகம் கறுத்துப் போனது:
"நான் செஞ்ச வள்ளம் ஒண்டும்
இண்டைவரைக்கும் ஒழுகினதில்ல."

வள்ளத்துக்குக் கதவு இல்லை என்றேன்.