அந்த அரை மணித்தியாலம்

கரடிப்போக்குச் சந்தியில் உரக்கடைக்கு மேல்மாடி.
கீழே ஷட்டர் விழுந்து ஒன்றரை மணித்தியாலம்.
யூரியா மணம் மட்டும் படியேறி வந்து
என் விசைப்பலகைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறது.

ஒஸ்லோக்காரருக்கு வேலை.
நாற்பத்திரண்டு பேர் எப்போது தொடங்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று
நேரக்கணக்குச் செயலி எழுதி வைத்திருப்பதைப்
பதினைந்து நிமிடத்துக்கு ஒருக்கால் அள்ளி
மேகத்திலிருக்கும் தரவுக் களஞ்சியத்தில் கொட்டவேண்டும்.
சாவி தந்திருக்கிறார்கள். ஐந்நூறு ஐந்நூறு வரியாகத்தான் வரும்.
ஒரே வரி இரண்டுதரம் வந்தால் பிடிக்கவேண்டியது நான்.

களஞ்சியம் என்றால் எனக்கு முதலில் தெரிந்தது
ஈரப்பதம் பதினாலுக்கு மேலே என்று
அப்பாவின் பதினெட்டு மூட்டையைத் திருப்பி அனுப்பிய
நெற்சபைக் களஞ்சியம்.
ஊசியைக் குத்திப் பார்ப்பார்கள்.
இங்கேயும் அப்படித்தான்,
முடிவுநேரம் இல்லாத வரியை வாசலிலேயே மறித்துச்
சிவப்பெழுத்தில் திருப்பி விடுகிறேன்.
மழை பெய்தது, தறப்பாள் கிழிஞ்சது என்று
அந்த வரிகள் காரணம் சொல்வதில்லை.

உள்ளே போக ஒரே ஒரு நேரம்தான்.
ஒஸ்லோ, கிளிநொச்சி, வின்னிப்பெக்
எல்லாவற்றையும் கிரீனிச்சுக்கு மாற்றித்தான் அடுக்கவேண்டும்.
"பழைய திகதி ஒண்டு குடுத்துப் பார்,
புதுசுகள் எல்லாம் சரியாத்தான் வரும்" என்றான் நிரோஜன்,
ஹெல்மெட்டைக் கையில் கொளுவிக்கொண்டு. போய்விட்டான்.

கைக்கு வந்த பழைய திகதி என்னுடையது.
மல்லாவி வைத்தியசாலை, தொண்ணூற்றொன்பது, மார்ச் மூன்று,
விடியப்புறம் மூன்று இருபத்தைந்து.
இடம்: ஆசியா, கொழும்பு. வேறு தெரிவு இல்லை.

முதல்நாள் இருபத்தொன்று ஐம்பத்தைந்து என்று வரவேண்டும்.
இருபத்தொன்று இருபத்தைந்து வந்தது.

நிரலைத் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை.
அந்த வருடம் கொழும்பு தன் மணிக்கூட்டை
அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைத்திருந்ததை
உலக நேர அட்டவணை மறக்கவில்லை.
வன்னி தள்ளவில்லை என்பதை
ஒரு அட்டவணையும் எழுதவில்லை.

ஓமந்தையில் சோதனை முடிந்து பஸ் ஏறும்போது
அப்பா கைக்கடிகாரத்தின் காதைத் திருகுவார்.
போகையில் முன்னுக்கு. வருகையில் பின்னுக்கு.
எனக்கு அதுவும் பயணத்தில் ஒன்று,
சோடாவைப் போல, சத்தியைப் போல.
இரண்டாயிரத்தாறு சித்திரையில் கொழும்பே திரும்பி வந்தது.
முள்ளுகள் ஒன்றாயின.
வேறொன்றும் ஆகவில்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.
"நான் பிறந்த மூண்டு இருபத்தைஞ்சு ஆற்ற நேரம்?"
"ஆசுப்பத்திரி மணிக்கூட்டு நேரம்."
"அது எங்கட நேரமோ, கொழும்பு நேரமோ?"
கொஞ்சநேரம் அவளுடைய மின்விசிறிதான் பேசியது.
"மருந்து கொழும்பால வந்தது. சம்பளமும் வந்தது.
மணிக்கூட்டை ஆர் திருப்பினதெண்டு
நான் நோவுக்குள்ள எழும்பிப் பாத்தனானே?
சாத்திரியார் மகரம் எண்டு எழுதிப்போட்டார்.
இப்ப போய் தனுசு கினுசு எண்டு கிளறாதை."

கிளறவில்லை.
சோதனை வரியை அழித்துவிட்டு
யன்னலால் ஏ-ஒன்பதைப் பார்த்தபடி இருந்தேன்.
தபால் ரயில் போனது. பிந்தித்தான்.
எதற்குப் பிந்தி என்று யோசித்தேன்.

திரும்பினால், திரையின் மூலையில்
என் சொந்த நேரக்கணக்கு எட்டிப் பார்க்கிறது:
முப்பது நிமிடமாக அசைவு இல்லை.
வைத்திருப்பதா, கழிப்பதா?

வைத்திரு.
வாடிக்கையாளர்: ஒஸ்லோ.
பணி: நேர வலயம், பரிசோதனை.
கட்டணம்: உண்டு.

அடுத்த அள்ளலில் அதுவும் ஏறிப் போனது.
ஊசி குத்திப் பார்த்தேன்.
ஈரம் பதின்மூன்று தசம் ஒன்பது.