பாக்கி பதினொரு நிமிஷம்

புயல் கரையேறி நாலாம் நாள்.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
இன்னும் கரண்ட் இல்லை.
காசிமேட்டு ஐஸ் கம்பெனியின் கிழட்டு ஜெனரேட்டரை
மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார் அயூப்.
பலகையில் பதினாலு பிளக் அடித்தேன் நான்.
எதில் எதைச் செருகுவது
என்பதுதான் அன்றைய அரசியல்.

"வீட்டுக்கு அரை மணி. கூடவும் வேணாம்
குறையவும் வேணாம்" என்றார்
துறைமுகச் சங்கத்து மாசிலாமணி.
நியாயம்தானே என்று
நோட்டில் கோடு போட்டேன்.

"கோடு எங்கருந்து ஆரம்பிக்குது?"
கௌதமி கேட்டாள், கால்வாய்க்கரை வீட்டுக்காரி.
"தண்ணி லாரிக்கு நாங்க நாப்பத்தி மூணு.
பட்டாவுக்கும் நாப்பத்தி மூணு.
நம்பர் எல்லாருக்கும் ஒண்ணுதான், சரி,
யாரு அத எண்ணுறாங்க?
ஒரே ஒரு வாட்டி கடைசியிலேர்ந்து எண்ணு."
நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன்.
மாசிலாமணி கொஞ்ச நேரம் பேசவில்லை,
பிறகு தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வரதப்பன் கேட்டது ஒரு பல்பு.
அம்மன் சந்நிதிக்கு.
"அது அணைஞ்சா இது தெருவே இல்ல,
சும்மா வீடுங்க" என்றார்.
சிரித்தோம்.
ராத்திரி பிள்ளைகள் அத்தனையும்
அந்த ஒரு வெளிச்சத்தில்தான் தூங்கின.
சிரித்தவர்களின் பிள்ளைகளும்.

டீசல் தீரும்போது அயூப் சொன்னார்:
"நானாக் குடுத்தேன். அது வேற.
கடமைன்னு சொல்லிப் பிடுங்காதீங்க, அது வேற."
யாருக்கும் பதில் வரவில்லை. எனக்கும்தான்.
வட்டச் செயலாளர் எழிலரசன்
ரெண்டு கேன் கொண்டுவந்து இறக்கினார்.
கேனில் ஸ்டிக்கர் இருந்தது.
டீசலும் இருந்தது.

இதெல்லாம் சரியாகத்தான் போனது
ஒன்றேகால் மணி வரைக்கும்.

கேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள்,
தண்டவாளத்தைத் தாண்டி,
இடுப்பில் பையன், கையில் ஆவி பிடிக்கும் மெஷின்.
போன தேர்தலில் நம் பையன்கள் ரெண்டு பேர்
மண்டையை உடைத்த தெரு அது.
பையனின் விலா உள்ளே போய் உள்ளே போய் வந்தது.
முன்னாலிருந்து எண்ணினாலும்
பின்னாலிருந்து எண்ணினாலும்
நோட்டில் அவள் பெயர் இல்லை.

யாரையும் கேட்கவில்லை.
கைக்கு எட்டியதைப் பிடுங்கினேன்.

அது கன்னியப்பனின் போன்.
தம்மாமில் இருக்கும் மகள்
ரெண்டு மணிக்குக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தாளாம்.
பிறகுதான் தெரிந்தது.
மெஷின் உறுமியது. பையன் அழுதான்,
அழுகிற அளவுக்கு மூச்சு வந்துவிட்டது.
செத்த போனைக் கையில் வைத்துக்கொண்டு
கன்னியப்பனும் அந்தப் பையனையே பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அஞ்சாம் நாள் கரண்ட் வந்தது.
அவரவர் கொடிக்கம்பத்துக்கு அவரவர் போனோம்.
டீக்கடையில் இப்போது
அந்த ராத்திரி எல்லாக் கட்சிக்கும் சொந்தம்.
சமத்துவம் என்கிறார் ஒருவர்,
மனுஷாபிமானம் என்கிறார் இன்னொருவர்,
அம்மன் காப்பாற்றினாள் என்கிறார் வரதப்பன்.
எல்லோர் சொல்வதும்
கொஞ்சம் உண்மைதான்.

கன்னியப்பன் மட்டும்
என்னைக் கண்டால் கண்ணாடியைத் துடைக்கிறார்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.
நேராக ஒரு கோடு, தலைகீழாக ஒரு கோடு,
சந்நிதி பல்புக்கு ஒரு வட்டம்,
டீசல் கணக்கு.
அவர் பெயருக்கு நேரே என் கையெழுத்தில்:
பத்தொன்பது நிமிஷம் ஏறியது.
பாக்கி பதினொன்று.