எஞ்சினை நிறுத்திய பிறகு

ஹவார் தீவுக்கு இன்னும் தூரம்.
தண்ணீர் பச்சையாய் மாறிய இடத்தில்
ஜாசிம் எஞ்சினை நிறுத்தினான்.
இனிக் கழிதான்.

"கொஞ்சம் கிட்டே விடச் சொல்லுப்பா"
என்றார் வைகுந்தன் சார்.
மனாமா வங்கி, முழங்கை நீளக் கேமரா,
மணிக்கு எட்டு தினார்.

ஜாசிம் பேரீச்சங்கொட்டையைக்
கடலில் துப்பாமல்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
அதுதான் பதில்.

குனிந்து பார்த்தேன்.
அடியில், கடற்புல்லின் நடுவே,
மிஷின் வைத்து மழித்த தலைபோல
வளைந்து போகும் ஒரு வெறுந்தடம்.
மேய்ந்திருக்கிறது.
போன வாரம் இங்கே நங்கூரம் இறக்கப் போனதற்கு
ஏன் அப்படித் திட்டினான் என்று
இப்போது விளங்கியது.

வெயில். நாற்பது நிமிடம்.
சார் தொப்பிக்குள் தூங்கிவிட்டார்.

பிறகு
அது வரவில்லை, மூச்சு வந்தது,
சைக்கிள் டியூபில் காற்று இறங்கும் சத்தம்.
உடனே பக்கத்தில்
சின்னதாய் இன்னொன்று.

ஆவுளியா, என்றேன் உதட்டுக்குள்.
அவன் தன் பாஷையில் ஒரு பெயர் சொன்னான்.
கழியை இருவரும் தொடவில்லை.
அவை போக நினைத்தபோது போயின.

கரையில் இறங்கும்போது சார் கேட்டார்:
"ஏதாவது வந்துதா?"

"புல்லு நல்லா இருக்கு சார்"
என்றேன்.