பதினோரு கோடுகள்

ஸ்டாவாங்கரிலிருந்து வந்த உறைக்குள்
ஒன்றரைப் பக்க மன்னிப்பு.
அச்சிட்டது.
அடியில் மட்டும் நீல மையில் ஸெனோன்.

சமையலறை நாற்காலியில் சம்மணமிட்டு
கிங்கா படித்தாள். பத்தொன்பது வயது.
எதையும் இரண்டு வரியில் தீர்த்துவிடுவாள்.
"இதை அப்பா எழுதல.
கோட்டைப் பாரு, பதினொன்னு.
இப்பல்லாம் மனுஷங்க யாரும்மா கோடு போடுறாங்க?"

நான் ஷ்செச்சினில் டிராம் ஓட்டுகிறவள்.
தண்டவாளத்தில் இடைவெளி விழுந்தால்
இடுப்பு சொல்லிவிடும்.
எழுத்தில் அந்த இடுப்பு எனக்கில்லை.

போன மாதம், காட்டுப்பன்றி குறுக்கே வந்த இரவின்
அறிக்கையில் ஓர் அரைப்புள்ளி வைத்திருந்தேன்.
மேற்பார்வையாளர் வியெஸ்வாவா
கண்ணாடியை மூக்குக்கு இறக்கி
யார் எழுதிக் கொடுத்தது என்றாள்.
ஐந்தாம் வகுப்பில் அடிவாங்கிக் கற்ற அரைப்புள்ளி.
அதை எடுத்துவிட்டு
முழங்கால் ஒடிந்த இரண்டு வாக்கியமாய்க் கொடுத்தேன்.
இப்போது நம்பினாள்.

எங்கள் போலிஷில் அந்த நீளக் கோட்டுக்கு
மிஷ்ல்னிக் என்று பெயர்.
எண்ணம் என்ற சொல் பெற்ற பிள்ளை.
பெயரில் எண்ணத்தைச் சுமந்துகொண்டே
எண்ணமில்லாததன் கைரேகை என்று
பழியும் சுமக்கிறது.

அன்றிரவு மேசை டிராயரைக் கவிழ்த்தேன்.
இருபத்திரண்டு வருடத்தில் அவன் எனக்கு எழுதியதெல்லாம்
எரிவாயு பில்லின் முதுகில்தான்.
"பால் — இனிப்புப் போட்டது வேண்டாம்"
"சாவி மேலே — பூனை உள்ளே"
"தாமதமாகும் — சாப்பிடு — காத்திருக்காதே"
ஜாம் பாட்டிலின் வயிற்றில்
"பிளம் 2011 — கொட்டை எடுக்கவில்லை — பல் ஜாக்கிரதை"
பேனா அழுந்திக் காகிதம் கிழிந்த கோடு.
வெல்டிங்காரனின் கை.
தகட்டோடு தகடு வைத்ததுபோல்
சொல்லோடு சொல்லைப் பற்றவைத்திருக்கிறான்.

ஆக, கோடு அவனுடையது.
"உன் மனவேதனையை முழுமையாக உணர்கிறேன்"
அது யாருடையது?
என் அம்மா இறந்த அன்றுகூட
"வண்டியில் ஏறு" என்றுதான் சொன்னான்.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

எதற்கு மன்னிப்பு என்று சொல்லவில்லையே.
ஊர் எல்லையில் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம்.
என்னிடம் சொல்லாமல் விற்றான்.
பிளம் மரங்களோடு,
கொட்டகையில் கிடந்த என் ரப்பர் பூட்ஸோடு.
கடிதத்தில் பூட்ஸ் இல்லை.
"நம் பசுமையான நினைவுகள்" இருந்தன.

காலை நாலு பத்து. முதல் வண்டி கிளம்புமுன்
டிப்போவிலிருந்து ஒன்றே ஒன்று அனுப்பினேன்:
மரம் எத்தனை

கேள்விக்குறி போடவில்லை. வேண்டுமென்றேதான்.

மூன்றாவது நிறுத்தத்தில் திரை ஒளிர்ந்தது.
"ஏழு — இல்லை ஆறு — ஏழாவதை நீதானே
புழு என்று வெட்டச் சொன்னாய் —
அதில் புழுவே இல்லை ஹால்ஷ்கா —"

அவ்வளவுதான். முடிக்கக்கூட இல்லை.
கதவை மூட மறந்து உட்கார்ந்திருந்தேன்.
பின்னாலிருந்து ஒருவர்
ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டினார்.

ஓடும் வாக்கியத்தில் தன்னைத் திருத்திக்கொண்டு,
மன்னிப்புக் கேட்கிற வாயாலேயே என்னைக் குற்றம் சொல்ல
எந்த இயந்திரத்துக்கு இத்தனை கொழுப்பு.

மன்னிச்சிட்டியா என்றாள் கிங்கா.
இல்லை.
புழு இருந்தது. நான் பார்த்தேன்.
வெள்ளையாய், கொட்டையை ஒட்டி.