முதல் நாள் பதினைந்து நிமிடம்

ஏப்ரலில் பனிக்கட்டி விலகியதும்
கரையோரமெல்லாம் வெள்ளை வயிறுகள்.
நாற்பத்தொன்றுவரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.
எல்லாம் கையகல ப்ளூகில் மீன்கள்.
ஒன்று மட்டும் என் முழங்கை நீளப் பாஸ்,
கண் திறந்தபடி.
இலைவாரியால் இழுத்துப் போட்டேன்.
தள்ளுவண்டியில் மூன்று நடை.

மின்னசோட்டாவில் இது புதிதில்லை என்றார்
பக்கத்து நிலத்து டோய்வோ லாஹ்டி.
கட்டியின் மேல் பனி, உள்ளே வெளிச்சம் போகாது,
அடியில் அழுகும் இலைகள்
இருக்கிற காற்றைத் தின்று தீர்த்துவிடும்.
மூடிய பானைக்குள் மூச்சு எத்தனை நாள்?

முதலில் ஆழம் பார்த்தேன்.
கயிற்றில் அடிக்கொரு முடிச்சு,
நுனியில் உடைந்த கதவின் பித்தளைக் குமிழ்.
பதினோரு முடிச்சு நனைந்தது.
பதினாறு அடி என்றான் வீட்டை விற்றவன்.
கூரையைப் பற்றியும்
அவன் அப்படித்தான் சொன்னான்.

நீரூற்று வை என்றாள் தங்கை க்ளெண்டா.
நிறம் மாறும் விளக்கு,
படுக்கையிலிருந்தே பார்க்கலாம்.
டிசம்பரில் அது உறைந்து நிற்பதையும்
படுக்கையிலிருந்தே பார்க்கலாம்.
டோய்வோவுக்குக் காற்றாலைமேல் ஆசை,
கரண்ட் காசு மிச்சம் என்றார்.
மேற்கே அவருடைய ஸ்ப்ரூஸ் மரங்கள்
காற்றை வழிமறித்து நிற்பதைச்
சொல்லாமல் கையைக் காட்டினேன்.
புழுக்கமான ஜூலை இரவில்
மீன் வாய் பிளக்கும்போது
இலைகூட அசையாது இங்கே.

ஆகவே கம்ப்ரஸர்.
கொட்டகையில் ஒரு சின்னப் பெட்டி,
தானாக மூழ்கும் கனத்த குழாய்,
அடியில் நுண்துளை ரப்பர் தட்டு.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது டாலர்.
டுவெயின் எடுத்துப்போக மறந்த,
மறந்ததாகச் சொன்ன
ஸ்னோமொபைலை விற்றேன்.

அறுபதடிப் பள்ளம் தோண்ட இரண்டு நாள்.
மண்ணைவிட வேர் அதிகம்.
தட்டை சிமென்ட் கல்லில் கட்டிப்
படகில் கொண்டுபோனேன்.
கரையிலிருந்து டோய்வோ கத்திய எல்லாமே
இடது வலது மாறிய கட்டளைகள்.
குழாய் நாலடி குறைந்தது.
எட்டடி ஆழத்தில் விட்டேன், போதும்.
கல் இறங்கியதும் படகு லேசாகி
என்னைக் கிட்டத்தட்டக் கவிழ்த்தது.

குறிப்பேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி:
முதல் நாள் பதினைந்து நிமிடம் மட்டும்.
மறுநாள் அரை மணி.
நாளுக்கு நாள் இரட்டிப்பு.
அடித்தண்ணீரை ஒரேயடியாய்க் கிளப்பினால்
வருடக்கணக்கில் மக்கிய நஞ்சு
மேலே வந்து
மிச்சமிருக்கும் மீனையும் கொன்றுவிடும்.
அட, ஓடவிடு மார்லிஸ் என்றார் டோய்வோ.

முட்டை வேகவைக்கும் டைமரை
முழங்காலில் வைத்து உட்கார்ந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு நடுவில் ஒரு தட்டளவு கொதிப்பு,
அழுகிய முட்டை நாற்றம்,
ஒரு கறுத்த இலை.

நான் அப்படிச் செய்திருக்கிறேன்.
பிப்ரவரியில் ஒரு ராத்திரி
பத்தொன்பது வருடத்தையும்
ஒரே மூச்சில் டுவெயினிடம் சொன்னேன்.
அத்தனையும் உண்மை.
விடியும்போது எதுவும் உயிரோடு இல்லை.

டைமர் அடித்தது. அணைத்தேன்.
குமிழிகள் நின்ற பிறகும்
வட்டம் கொஞ்ச நேரம் விரிந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள், இரண்டு மணி நேரம்.
டைமரை இரண்டு முறை முறுக்க வேண்டும்.
நடுவே தொலைபேசி: டுவெயின்.
ஸ்னோமொபைல் எங்கே?
குளத்தின் அடியில்
குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது என்றேன்.
அவன் சிரித்தான், அல்லது இருமினான்.
வானிலை பற்றிக் கொஞ்சம் பேசினோம்.
டைமர் அடித்ததும் வைத்துவிட்டேன்.

அக்டோபரில் தட்டைக் கரைப்பக்கம் இழுத்து
நாலடியில் வைத்தேன்.
ஆழத்தில் இருக்கும் சொற்பக் கதகதப்பை
மீன்களுக்கே விட்டுவிட வேண்டும்.

இன்று ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே இருபது.
குளம் முழுக்க வெள்ளை,
சமையல் மேசையளவு ஒரு கறுப்புத் துளை தவிர.
அதிலிருந்து ஆவி எழுகிறது.
‘பனிக்கட்டி மெல்லியது, நடக்காதீர்’ என்று
பலகை எழுதி நட்டேன்.
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
அது கீழே தொங்குகிறது.

காலையில் நரித்தடம்.
பலகைவரை வந்து,
சுற்றிப் போய்,
குடித்துவிட்டுப் போயிருக்கிறது.