ஏழு மணி விளக்கு

அபர்டீன் பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக் கண்காட்சி என்றால்
எனக்கு ஒரு மேசை, மூன்று அடுக்குத் தாள்.
இடப்பக்கம் நிதியியல், நாலு வருஷம்.
நடுவில் நிதியும் நிலச்சொத்தும், அதுவும் நாலு.
வலப்பக்கம் முதுகலை, சொத்து மதிப்பீடு:
முழுநேரம் என்றால் ஓராண்டு, மாலை வகுப்பென்றால் இரண்டு.
யாராவது கதவைத் திறந்தால்
கடல்காற்றில் முதலில் பறப்பது நிதியியல்தான்,
அந்தத் தாள் மெல்லிசு.

பையன்கள் வருவார்கள், பின்னால் அப்பாக்கள்.
இதைப் படித்தால் எங்கே வேலை என்பார் அப்பா.
எடின்பரோ, லண்டன் என்பேன்.
பையன் பிஸ்கட் எடுப்பான்.
ஒரு பெண் கேட்டாள், கணக்கு நிறைய வருமா என்று.
நிறைய என்றேன்.
எவ்வளவு நிறைய என்றாள்.
அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாலரைக்கு, மிஞ்சிய பேனாக்களை எண்ணும்போது
சென்கா பெட்ரி வந்தாள்.
ஐம்பத்திரண்டு வயது. மழைச்சட்டைப் பையில்
சாவி ஒன்றும் இல்லாத சாவிவளையம்.
வாடகை ஏஜென்சியில் இருபத்தாறு வருஷம்.
எண்ணெய் விலை விழுந்தது, வீடுகள் காலியாயின,
பிறகு அவள் நாற்காலியும்.

மகளுக்கா என்றேன்.
எனக்கு என்றாள்.

தாளின் அட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.
ஆற்றோரக் கோபுரம், அந்தி நேரம்,
ஜன்னல்தோறும் மஞ்சள் வெளிச்சம்,
அடியில் எங்கள் வாசகம்: எதிர்காலம் இங்கே குடியிருக்கிறது.
"ஒருத்தரும் குடியில்லை," என்றாள்.
"அது டைமர். ஏழுக்கு ஏற்றும், பதினொன்றுக்கு அணைக்கும்.
நான்தான் வைத்தேன். காலி என்று தெரிந்தால்
விலை கேட்கிறவன் குரலே மாறிவிடும்."

நான் நாக்கு நுனியில் வைத்திருந்த
வேலைவாய்ப்புச் சதவீதம்
அங்கேயே நின்றுவிட்டது.

"எந்தக் கதவு மழைக்கு உப்பும், எனக்குத் தெரியும்.
எந்தக் குளியலறையில் பூஞ்சை
வாடகையைவிட வேகமாக வளரும், தெரியும்.
ஆனால் லண்டனில் ஒருத்தன் ஓர் எண்ணைத் திருத்துவான்,
நாலரைச் சதவீதத்தை ஆறாக்குவான்.
மறுநாள் அதே கட்டடம்
அதே இடத்தில் நின்றபடி
கால்பங்கு விலையை இழந்திருக்கும்.
ஒரு கல் அசைந்திருக்காது.
அந்த எண் எந்தப் பாடத்தில் வரும்?"

இரண்டாம் பருவம், மதிப்பீட்டு முறைகள் என்றேன்.
செவ்வாய், வியாழன். ஆறிலிருந்து எட்டு.
பட்டம் இல்லையே என்றாள்.
அனுபவத்தை எடுத்துக்கொள்வார்கள், கடிதம் வேண்டும்.
"கடிதம் தரவேண்டியவர்தான் என்னை வெளியே அனுப்பினவர்."
ஆனாலும் வாங்கிவந்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.
கட்டணத்தை மட்டும் மூன்று முறை படித்தாள்.
தவணை உண்டு என்றேன்.
"தவணை எனக்குத் தெரியும்."

இப்போது செவ்வாய்தோறும் என் மேசையைக் கடக்கிறாள்,
ஒரு கையில் காபி, இன்னொன்றில் கால்குலேட்டர்.
முதல் தேர்வில் நாற்பத்தொன்பது.
இரண்டாவதை இன்னும் சொல்லவில்லை.
அட்டைப்படத்தை மாற்றுங்கள் என்று எழுதினேன்;
வடிவமைப்புப் பிரிவு நன்றி என்றது, மாற்றவில்லை.

ஏழரை பஸ்ஸுக்கு நான் நிற்கும் இடத்திலிருந்து
அந்தக் கோபுரம் தெரியும்.
ஒரே சொடுக்கில் எல்லா ஜன்னலும் விழிக்கும்.
பதினோரு வருஷம் அதைப் பார்த்து
யார் வீட்டில் என்ன சமையல் என்று யோசித்திருக்கிறேன்.

நேற்று நாலாம் மாடியில் ஒன்று மட்டும் இருட்டு.
பல்பு போயிருக்கும் என்று நினைத்தேன்.
ஏழு இருபதுக்கு எரிந்தது.
அணைந்தது. பக்கத்து ஜன்னல் எரிந்தது.
அதுவும் அணைந்து, முதலாவது மறுபடி.
எந்த சுவிட்ச் எதற்கென்று
யாரோ தடவித் தேடுகிற மாதிரி.

பஸ் வந்தது.
நான் ஏறவில்லை.